கேத்தலில் படியும் வெண்மை: யாழ்ப்பாணக் கிணற்று நீர் கற்பிக்கும் பாடம்



பாசிர் பெனம்பாங்கில் வாழும் நமக்குக் குழாய் நீர் சிலாங்கூர் ஆற்றிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கருங்கல் மலைகளில் பிறக்கும் ஆறு அது; அதன் நீர் மென்னீர். சவர்க்காரத்தைச் சற்றே தேய்த்தாலும் நுரை பொங்கும். ஆகவே, 'கடின நீர்' என்று அறிவியல் பாடத்தில் சொல்லும்போது நம் மாணவர்களுக்கு அது வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை அன்றாடம் அனுபவித்து வாழ்ந்த தமிழர் நிலம் ஒன்று உண்டு. அதுதான் யாழ்ப்பாணம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். தோட்டங்களில் கிராணிகளாக இருந்தோரும் உண்டு. அவர்கள் விட்டு வந்த ஊரின் நீர் எத்தகையது என்பதைப் பார்ப்போம்.

ஆறில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். நிலத்தின் அடியில் இருப்பது, பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல். பத்துமலைக் குகையைப் பார்த்த நம் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கல் புதியதன்று. அது நீரால் கரையக்கூடிய கல்.

பெய்யும் மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று, மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கல்சியத்தைச் சுமந்துகொண்டு கிணற்றை அடைகிறது. கடின நீர் பிறப்பது இவ்வாறே. ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு 'வன்னீர்' என்று பெயர். 1950-இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டதற்கும் இதே சுண்ணாம்புக்கல்தான் காரணம். ஆலைக்குச் சீமெந்தைத் தந்த கல்லே வீட்டுக் கேத்தலில் வெண்படிவையும் தந்தது!

யாழ்ப்பாண நகரின் குழாய் நீரும் நெடுங்காலம் கோண்டாவில், திருநெல்வேலி போன்ற பகுதிகளின் கிணறுகளிலிருந்தே இறைத்து வழங்கப்பட்டது. குழாய் வந்தபோதும் நீரின் குணம் மாறவில்லை.

இல்லத்தில் அதன் விளைவுகள்

நீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் திண்மமாகிப் பாத்திரத்தின் அடியில் படியும். படிவு தடித்தால் வெப்பம் எளிதில் ஊடுருவாது. விறகும் மின்சாரமும் வீணாகும். புளியோ, எலுமிச்சையோ, வினிகரோ இட்டு ஊறவைத்தால் அது கரையும். பருப்பும் பயறும் வேக நேரம் எடுக்கும். தேநீரின் மேல் மெல்லிய ஏடு படரும். சவர்க்காரம் நுரைக்காமல் அழுக்குப் போன்ற திரளாகப் பிரியும்; வெள்ளைத் துணி நாளடைவில் மங்கும். சீயக்காய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரத்தைப் போல் திரளாவதில்லை.

சவர்க்காரத்தின் இந்தக் குணத்தையே கொண்டு நீரின் கடினத்தை அளக்கும் முறையைக் கண்டவர் ஸ்காட்லாந்தின் அபெர்டீனைச் சேர்ந்த பேராசிரியர் தாமஸ் கிளார்க். 1841-இல் அவர், நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தே அதன் கடினத்தைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

துலாவிலிருந்து இயந்திரத்திற்கு

யாழ்ப்பாணத்து உழவர் துலா மிதித்து நீர் இறைத்தனர். ஒருவர் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் வாளியைக் கிணற்றில் இறக்கி நீரைச் சாய்ப்பார். மனித உழைப்பால் எடுக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லை கிணற்றுக்கும் காவலாக இருந்தது.

குடாநாட்டின் நன்னீர், கடலிலிருந்து நிலத்தடியில் புகுந்த உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே சிறிதளவு குறைந்தாலும் கீழிருந்து உப்பு நீர் பன்மடங்கு உயரும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரங்கள் பெருகின. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. கிணறுகள் பல உவர்த்தன. 1950-களில் பொறியியலாளர் ச. ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கும் திட்டத்தை முன்வைத்தார். அது முழுமை பெறவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பெற்றோர்கள் இப்பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறேன். கேத்தலின் வெண்படிவைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். கடின நீரே சிறுநீரகக் கல்லுக்குக் காரணம் என்ற பேச்சும் உண்டு. ஆயினும் அது உறுதிப்படுத்தப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் நீரின் கடினத்திற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதனையும் விதிக்கவில்லை.

நைட்ரேட் அப்படிப்பட்டதன்று. வயலில் இட்ட உரமும், கிணற்றருகே அமைந்த மலசலகூடக் குழிகளும் அதனை நீரில் கலக்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அது விரைந்து இறங்கும். 1980-களில் நடந்த ஆய்வுகளே யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டின. அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்; குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, படிவும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைட்ரேட் அழியாது. நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். தாய் அக்கறையோடு கொதிக்க வைத்த நீரே குழந்தைக்குத் தீங்காகலாம் என்பது எத்துணை வருந்தத்தக்கது!

இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம், கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் மாற்றம் கண்டது. அதன்பின் வடமராட்சி கிழக்கில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் நீர் வழங்கும் கொள்ளளவு உடையது அது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். ஒரு புட்டியில் மழைநீர். மற்றொன்றில் சுண்ணாம்புக்கல் பகுதியிலிருந்து எடுத்த கிணற்று நீர். இரண்டிலும் சவர்க்காரத் துருவலைச் சம அளவில் இட்டுக் குலுக்கினால் வேறுபாடு தெரியும். பின்னர் மாணவர்களிடம் ஒரு வினாவைக் கேளுங்கள்: "நுரை பொங்கும் நீரெல்லாம் குடிக்கத் தகுந்த நீரா?"

அந்த வினாவிற்குக் கண் விடை சொல்லாது, பரிசோதனைக்கூடம்தான் சொல்லும். கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பங்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள இல்லங்கள், நீரைச் சோதித்துப் பார்ப்பது கடமையாகும். கேத்தலில் தெரியும் சுண்ணாம்பைக் கழுவி விடலாம். தெரியாததைத் தேடி அறியும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.