வெள்ளாற்று நைட்ரஜன் கணக்கில் ஏரிகளும் கிணறுகளும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மணிமுத்தாற்றோடு சேர்கிறது. அந்த நீர் விருத்தாசலத்தைத் தொட்டு வெள்ளாற்றில் கலந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. கழிமுகத்தின் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆகவே கழிமுக நீரின் சத்துப்பொருள்கள் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அங்கு வந்து சேரும் நைட்ரஜனில் எந்தப் பங்கு கரும்பு வயலிலிருந்து, எந்தப் பங்கு ஊர்ச் சாக்கடையிலிருந்து, எந்தப் பங்கு இறால் பண்ணையிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் மாதிரிக் கணக்கீடு தேவைப்படுகிறது. இன்று புழக்கத்திலுள்ள மாதிரிகளை அப்படியே எடுத்து வெள்ளாற்றின் மேல் வைத்தால் விடை பிசகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வட அட்லாண்டிக்கில் கலக்கும் ஆறுகளை ஆராய்ந்த ராபர்ட் ஹோவார்த் குழுவினர் 1996இல் எளிமையான ஒரு வரவுக் கணக்கை முன்வைத்தனர். உரம், காற்றிலிருந்து படிவது, பயறுவகைப் பயிர்கள் நிலைநிறுத்துவது, உணவாகவும் தீவனமாகவும் வெளியிலிருந்து வருவது ஆகிய நான்கையும் கூட்டினால், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றின் வழியே வெளியேறுகிறது. அமெரிக்காவில் 1997இல் வந்த ‘ஸ்பாரோ’ மாதிரி இன்னும் நுட்பமானது. மூலத்திலிருந்து கடல் வரையுள்ள பாதையில் எவ்வளவு கழிகிறது என்பதையும் அது மதிப்பிடுகிறது. ஆனால் பொதுவாக இவை ஆண்டுச் சராசரியில் ஓடும் கணக்குகள்.

கள்ளக்குறிச்சியின் கரும்பை எடுத்துக்கொள்வோம். நடவுக் கரும்புக்கு எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது வேளாண் பல்கலைக்கழகம் தந்துள்ள ஒரு பரிந்துரை; அதாவது ஏக்கருக்குச் சுமார் 110 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோதான் என்பதால், முழுவதையும் யூரியாவாகவே இட்டால் ஏக்கருக்கு ஐந்து மூட்டைக்கு மேல் போகும். மறுபுறம், நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் உண்ணும் ஒருவர் ஆண்டில் வெளியேற்றும் நைட்ரஜன் சுமார் மூன்றரைக் கிலோ. ஓர் ஏக்கர் கரும்பு முப்பது பேருக்குச் சமம்! வரவை மட்டும் பார்க்கும் கணக்கு உழவர் மேல்தான் முழுப் பழியையும் போடும்.

இங்கேதான் நிலத்தின் அமைப்பு குறுக்கிடுகிறது. மலையடிவாரத்தில் 46 அடிக் கோமுகி அணையும் 36 அடி மணிமுத்தா அணையும் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, ஒன்றின் கலிங்கு வழிந்தால் அடுத்தது நிரம்பும் ஏரிச் சங்கிலிகள். வயலில் கரைந்த நைட்ரேட் ஆற்றைத் தொடும் முன் ஏரியில் தங்குகிறது. நீர் தேங்கிய நெல் வயலிலும் ஏரிச் சேற்றிலும் பிராணவாயு குறைவான சூழலில் நுண்ணுயிரிகள் அதன் ஒரு பகுதியை வாயுவாக மாற்றிவிடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் மேல்பகுதி நீர் கடல்வரை ஓடிச் சேருவதே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கலிங்குகள் வழியும் சில நாள்களில்தான் வெள்ளம் மொத்தமாக இறங்குகிறது. சிதம்பரம் பக்கத்துச் சாக்கடைக்கும் கழிமுகத்தை ஒட்டிய இறால் பண்ணைகளின் கழிவுநீருக்கும் இந்தத் தடைகள் எதுவும் இல்லை. கோடையிலும் அவை நேரே போய்ச் சேரும். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்று பார்த்தால் கடலைத் தொடுவதில் அவையே முந்தும்.

வடிநில எல்லையும் நம்பத்தக்கதல்ல. வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாக வருவது கொள்ளிடத்து நீர். வீராணத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கு நீர் விடும்போது காவிரி வயல்களின் நைட்ரஜனும் வெள்ளாற்றின் கணக்கில் ஏறிவிடுகிறது. பக்கத்திலேயே நெய்வேலி அனல்மின் நிலையங்கள் பழுப்பு நிலக்கரியை எரிக்கின்றன. அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு வடிநிலக் கோடு தெரியாது.

ஏரிகள் தடுக்கின்றன என்றால் யூரியா குற்றமற்றதா என்று கேட்கலாம். இல்லை. மாதிரிகள் ‘தங்கியது’ என்று கழித்துவிடும் அளவில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் சேர்கிறது. கடலுக்கு மிச்சம் என்று எழுதப்படுவது குடிப்பவருக்குச் செலவு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீரைப் புட்டிப்பாலில் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். நிலத்தடியில் சேர்ந்தது பல ஆண்டுகள் கழித்தும் ஊறி வரும் என்பதால், இந்த ஆண்டு உரத்தைக் குறைத்துவிட்டு அடுத்த ஆண்டே கழிமுகத்தில் பலன் தேடுவதும் பொருந்தாது.

எனவே வெள்ளாற்றுக்கான மாதிரியில் ஏரி ஒரு தனி உறுப்பாகவும், கிணறு கடலுக்கு இணையான சேருமிடமாகவும் இருக்க வேண்டும். கணக்கின் அலகு ஆண்டல்ல, வெள்ள நாள். இதற்குப் புதிய கருவிகள் வேண்டியதில்லை. நீர்வளத் துறையிடம் சேத்தியாத்தோப்பின் நீர் வெளியேற்றக் கணக்கு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் ஆய்வகம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அணைக்கட்டில் நாள்தோறும் ஒரு குப்பி நீர் எடுத்து நைட்ரேட் அளந்து, அன்றைய நீரளவோடு சேர்த்து வெளியிடும் பணியை இவ்விரு நிறுவனங்களும் வரும் பருவமழையிலேயே தொடங்க வேண்டும்.