களமும் திரையும்

இலண்டன் மாநகரின் கிழக்கே வைற்சப்பல் என்னும் வறியோர் குடியிருப்பில், 1884 ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், ஒரு புதிய இல்லத்திலே பல்கலைக்கழக இளைஞர் முதன்முதலாகத் தங்கினர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் வறுமையை நூல்களிற் படித்தல் போதாது, அதன் அயலில் வாழ்ந்தே அறிதல் வேண்டும் என்பது அவ்வில்லத்தை நிறுவிய சாமுவேல் பார்னெற், ஹென்றியெற்றா பார்னெற் தம்பதியரின் எண்ணம். ரொயின்பி மண்டபம் எனப் பெயர் பெற்ற அவ்வில்லத்திலேயே சமூகப்பணிக் கல்வியின் களப்பயிற்சி வேர்கொண்டது எனலாம்.

இன்றோ ஒரு நாட்டின் மாணவர் தம் வீட்டிலிருந்தவாறே, கணினித் திரை வழியாகப் பிறிதொரு நாட்டின் சமூகப்பணி நிறுவனத்திற் களப்பயிற்சி பெறும் முறை வந்துள்ளது. இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். யார் யாரைப் பார்க்கச் சென்றனர், யார் யாரிடம் கற்றனர் என்னும் பழைய வினாவே புதிய கோலத்தில் நம்முன் நிற்கின்றது.

கடல்கடந்த களப்பயிற்சிக்கு முன்னோடி ஒருவரைச் சுட்டவேண்டுமாயின் அமெரிக்கப் பெண்மணி ஜேன் அடம்ஸைச் சுட்டலாம். 1888 இல் ரொயின்பி மண்டபத்தைக் கண்டு திரும்பிய அவர், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்ற தோழியுடன் 1889 இல் சிக்காகோவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலியர், யூதர், பொஹீமியர் எனக் குடியேறிய தொழிலாளர். அங்கு வாழ்ந்த புளோரன்ஸ் கெலி, வியர்வைக் கூடங்களில் வேலைசெய்த சிறுவரையும் பெண்களையும் நேரிற் கண்டு திரட்டிய விபரங்கள் 1893 ஆம் ஆண்டின் இலினோய் தொழிற்சாலைச் சட்டத்துக்குத் துணைநின்றன. பதினான்கு வயதுக்குட்பட்டோரை உற்பத்தி வேலையில் அமர்த்துவதை அச்சட்டம் தடுத்தது. பெண்களுக்கு எட்டு மணிநேர வேலையை வரையறுத்தது. எட்டு மணிநேர விதியை 1895 இல் அம்மாநில உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. முதலாளிமார் நீதிமன்றம் சென்றது வியப்பன்று. களம் என்பது இரக்கம் பழகும் இடமாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கே இதனை விரித்துரைத்தோம்.

1899 இல் அம்ஸ்ரடாமிற் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. 1908 இல் பேர்லினிற் பெண்களுக்கான பள்ளியை அலிஸ் சாலமொன் நிறுவினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வேறுபடுவது ஏன் என ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். 1928 ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாட்டின் பயனாய் அடுத்த ஆண்டு அமைந்த சமூகப்பணிப் பள்ளிகளின் சர்வதேசக் குழுவுக்கு அவரே தலைவரானார். யூதக் குடியிற் பிறந்த அவரை நாசிகள் 1937 இல் நாடுகடத்தினர். 1948 இல் நியூயோர்க்கில் அவர் மறைந்தார். சர்வதேசியம் பேசிய இக்கல்வி, தன் தலைவியின் கடவுச்சீட்டையேனும் காக்க வலுவற்றிருந்தது.

கீழைநாடுகளுக்கு இக்கல்வி வந்த விதம் வேறு. 1936 இற் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராயிருந்தவர் கிளிபர்ட் மன்ஷார்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார். கொழும்பில் 1952 இற் சமூகப்பணி நிறுவனம் தோன்றிற்று. கட்டடமும் மாணவரும் நம்மவர். பாடத்திட்டமும் நூல்களும் பெரும்பாலும் மேலைநாட்டார் வகுத்தவை. தனியாளின் குறையைத் திருத்தும் அமெரிக்க முறை, நிலமற்ற குடியானவனின் பசிக்கு என்ன விடை கூறும்? ஜேம்ஸ் மிட்ஜ்லி 1981 இல் எழுதிய நூல் இவ்வேற்றுமதியைத் 'தொழில்சார் ஏகாதிபத்தியம்' என்றே குறித்தது. பயணமும் ஒருவழிப் பயணமே. மேலைநாட்டு மாணவர் சில வாரங்கள் தெற்கே வந்து தம் அனுபவத்தை நிறைத்துச் சென்றனர். தெற்கு மாணவர் வடக்கே செல்லவோ விமானச் சீட்டும் விசாவும் தடுத்தன.

2020 இற் கொவிட் தொற்று வானூர்திகளை நிறுத்தியபோது இருசாராரும் ஒருங்கே வீட்டுக்குள் அடைபட்டனர். களப்பயிற்சி மணித்தியாலங்களை நிறைவுசெய்ய வேறு வழியின்றித் திரையை நாடின பல்கலைக்கழகங்கள். மாணவர் தொலைவிலிருந்தே நிறுவனக் கூட்டங்களில் அமர்ந்தனர்; கொள்கை ஆய்வும் பயிற்சிக் கையேடும் எழுதினர்; மேற்பார்வையாளருடன் வாராவாரம் உரையாடினர்.

இழப்பை மறைத்தல் கூடாது. ஒழுகும் கூரையும், கூட்டத்தில் வாய்திறவாது மூலையில் நிற்கும் பெண்ணும் திரையில் வாரா. ஒருவரின் துயரை மற்றொருவரின் வீட்டறையில் ஒலிக்கவிடுவது இரகசியம் காக்கும் கடமைக்கும் ஊறு. மின்னும் இணையமும் எல்லார்க்கும் ஒன்றல்ல: அந்நாட்களில் நம் மாணவர் சிலர் சமிக்ஞை தேடி மலையேறியதை ஆசிரியராகிய நாம் மறக்கவியலாது. 2022 இன் நீண்ட மின்வெட்டில் எந்தத் திரை ஒளிர்ந்திருக்கும்?

எனினும் விசா அதிகாரியின் முன் நில்லாமலே தெற்கு மாணவி ஒருத்தி வடக்கின் நிறுவனமொன்றில் அமர இயல்கின்றது. இது சிறிதன்று. ஆனால் எவரின் மொழியில், எவரின் கடிகாரத்தின்படி? இலண்டனிற் குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணியாகையிற் கொழும்பில் இரவு ஏழரை. தெற்கின் சிறு நிறுவனங்கள் அந்நிய மாணவருக்கு ஒதுக்கும் நேரத்துக்கு ஊதியம் யார் தருவது என்பதையும் கேட்டேயாகவேண்டும்.

வைற்சப்பலை உள்ளடக்கிய ரவர் ஹம்லெற்ஸ் வட்டாரம் நெடுங்காலமாக இங்கிலாந்திற் சிறுவர் வறுமை மிக்க இடங்களுள் ஒன்று. பார்னெற் தம்பதியர் இளைஞரை அழைத்த அதே தெருக்களைப் பற்றி, மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி திரைவழியே விசாரித்து அறிக்கை எழுதட்டும். இலண்டன் ஆசிரியர் அதனை அமர்ந்து படிக்கட்டும்.