திருக்கோணமலை என்னும் மரக்கலம்

சரித்திரத்தை ஏட்டிற் படித்தறிதல் ஒன்று. அதன்மேல் ஏறிநின்று காண்டல் மற்றொன்று. இங்கிலாந்து தேசத்தின் வடகீழ்க் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுகப் பட்டினம் உளது. ஆங்குள்ள கடற்படைக் காட்சிச்சாலையில், பண்டைக்காலத்துத் துறைமுகத்தைப் போலவே அமைத்த கட்டடங்களின் நடுவே, மூன்று பாய்மரங்களை உயர்த்திய போர்க்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. அதன் பெயர் திருக்கோணமலை. ஐரோப்பாக் கண்டத்தில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே என்பர். நாம் அதனைக் காண விழைந்ததற்கு முதற் காரணம் அப்பெயரே. கோணேசர் கோயில் கொண்ட துறையின் பெயரை அந்நிய நாட்டுக் கப்பலொன்று தாங்கி நிற்பதாயின், தமிழர் உள்ளம் அதனை நாடாதிருக்குமோ?

ஆயினும் அன்பர்கள் ஒன்றை முதலிலேயே அறிதல் வேண்டும். அப்பெயர் நம்மவரைச் சிறப்பித்தற்கு இட்டதன்று. 1782ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆங்கிலேயர் அத்துறையை ஒல்லாந்தரிடமிருந்து கவர்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு முடிவில் சுப்ரேன் என்னும் பிரெஞ்சுத் தளபதி அதனை அவர்களிடமிருந்து பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதன. அவ்யுத்தத்தின் நினைவாகவே கப்பல் இப்பெயர் பெற்றது. துறை நம்மது, போர் பிறரது, பெயரும் பிறர் இட்டதே. இதனை மறைத்துப் பெருமை பேசுதல் சரித்திரமாகாது.

நாம் உள்ளவாறே பெருமைப்படத்தக்க செய்தி வேறொன்று உண்டு. இக்கப்பல் இங்கிலாந்தில் பிறந்ததன்று, பம்பாயிற் பிறந்தது. நெப்போலியனோடு நெடுநாட் போர் புரிந்த ஆங்கிலேயருக்குக் கப்பல் கட்டுதற்குரிய ஓக்கு மரம் அரிதாயிற்று. நம் தேசத்துத் தேக்கோ அதனினும் நெடுநாள் உழைப்பது. ஓக்கு மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பாணியை அரிக்கும். தேக்கிலுள்ள எண்ணெய் அதனைக் காக்கும். இதனை நன்குணர்ந்தவர் பம்பாய்த் துறையிலிருந்த வாடியா என்னும் பார்சி வமிசத்தார். அவ்வமிசத்து லவ்ஜி நசர்வான்ஜி 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து கப்பல் தச்சராக வந்தவர். தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு உளியோடும் கணக்கோடும் கைமாறி வந்தது. லவ்ஜியின் பேரனாகிய ஜம்சேட்ஜி பொமன்ஜியே நாம் கண்ட கப்பலைக் கட்டிய தலைமைத் தச்சர். 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் கப்பலும் அவர் கைவண்ணமே.

இக்கப்பலுக்கென முதலில் அனுப்பிய வரைபடம் பம்பாய் வந்து சேரவில்லை. அதனைக் கொணர்ந்த ஜாவா என்னுங் கப்பல் 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர் கையில் வீழ்ந்தது. மறுபடியும் வரைபடம் வந்து, 1816 மே மாதத்திலேயே வேலை தொடங்கிற்று. பார்சியர் வழக்கப்படி ஜம்சேட்ஜி அடிமரமாகிய ஏராவில் வெள்ளியாணி ஒன்றை அறைந்தார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கிற்று. எந்த யுத்தத்தை எண்ணிக் கட்டுவித்தார்களோ, அது 1815இலேயே முடிந்துவிட்டது!

கப்பலுள் இறங்கினோம். மேல்தளத்தில் நிமிர்ந்து நின்ற நாம் கீழ்த்தளத்தில் முதுகு வளைய நேர்ந்தது. ஆங்கே தொங்கு படுக்கைகளில் தோளோடு தோள் உராய மாலுமிகள் உறங்கினர். பக்கத்துச் சட்டங்களைத் தொட்டுப் பார்த்தோம். பழுது பார்த்தபோது சில மரங்கள் மாற்றப்பட்டன எனினும், பெரும்பகுதி அன்றைய தேக்கே. இருநூறு ஆண்டுகளின் உப்புநீரைக் கண்ட அம்மரம் கைக்கு இன்னும் உறுதியாயிருந்தது.

இக்கப்பல் பிழைத்த வரலாறு கட்டிய வரலாற்றினும் வியப்புடையது. 1819இல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்து, வேலையின்றிப் பல்லாண்டு கிடந்தது. 1847 முதல் 1857 வரை அட்லாண்டிக், பசிபிக் கடல்களிற் காவல் புரிந்தது. பின்னர்ப் பயிற்சிக் கலமாயிற்று. 1897இல் உடைத்து விற்பதற்கென விலைப்பட்டது. அத்தருணத்தில் வீட்லி காப் என்னுஞ் செல்வர் அதனை வாங்கி, புயலில் அழிந்த தம் கப்பலின் பெயராகிய பூட்ரோயன் என்பதை இதற்கிட்டு, மீண்டும் பயிற்சிக் கலமாக்கினார். 1986 வரை அப்பணி நடந்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொணர்ந்தனர். 1992இல் பழைய பெயர் மீண்டது. 2001இல் திருப்பணி நிறைவுற்றது. தலைமுறைதோறும் ஒருவரேனும், 'இதனை அழிய விடோம்' என்று நின்றமையாலன்றோ நாம் இன்று காண்கின்றோம்?

கரையில் இறங்கிய பின்னும் ஓர் எண்ணம் நம்மை விட்டகலவில்லை. ஜம்சேட்ஜியின் பெயர் நின்றது, நிற்கத்தக்கதே. அவர்தங் கீழ் மரம் அறுத்தவர், பலகை வளைத்தவர், சந்துகளில் கலப்பற்று அடைத்தவர் ஆகியோர் பெயர்களுள் ஒன்றையும் நாம் ஆங்குக் கண்டிலோம். நம் கரையின் நிலைமை இதனினும் இரங்கத்தக்கது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை எட்டியது. தமிழர் கைத்திறனுக்குச் சான்றாய் நிற்கவேண்டிய அக்கலத்திற்குக் காக்கப்பெற்ற கப்பல்களின் வரிசையில் இடமில்லாது போயிற்று. குறை மரத்தினதன்று, காத்தற்கு முன்வாராத மனத்தினது.

நம் சங்கத்தார் ஆண்டுதோறுங் கூடி முன்னோர் பெருமையைப் பேசுகின்றோம். பேச்சு கூட்டத்தோடு முடிந்துபோகும். வாடியா வமிசத்தார் பிறப்பைச் சொல்லி உயர்ந்தாரல்லர். தொழிலைக் கற்று, கற்றதைப் பிள்ளைகட்குக் கற்பித்து உயர்ந்தார். நம் இல்லங்களின் பரண்மீது எத்தனை கணக்கேடுகள், எத்தனை பழங் கருவிகள், எவர் கைபட்டன என்று அறியப்படாமற் கிடக்கின்றன! வீட்டிலுள்ள முதியோரிடம் இவ்வாரமே கேட்மின். பெயரையும் ஊரையும் தொழிலையும் எழுதி வைம்மின். பெண்மக்கள் நினைவில் உள்ளனவற்றையும் விடாது குறித்துக்கொள்மின். கப்பலைக் காக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். ஒரு பெயரைக் காக்க ஒரு தாளும் சிறிது சிரத்தையுமே போதும்.