ஒரு புள்ளியில் கிடைத்த கிண்ணம்



ராகலையில் மழை விட்ட மாலைகளில் நம் பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் மெஸ்ஸி, ரொனால்டோ தான். தமிழ் பேசும் மண்ணில் ஒரு கழகம் இந்தியாவின் தேசிய லீக்கை வென்ற கதையை நாங்களும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

சென்னை சிட்டி உதைபந்தாட்டக் கழகம் 2016-17 பருவத்தில்தான் ஐ-லீக்கில் நுழைந்தது. 2017-18 இல் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த ஆண்டு இவர்கள் சம்பியன் ஆவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பயிற்றுவிப்பாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பின்னால் ஒதுங்கி நின்று காக்காமல், பந்தைத் தங்கள் காலிலேயே வைத்து ஆடப் பழக்கினார். நெஸ்டர், சன்ட்ரோ போன்ற ஸ்பெயின் வீரர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்போல், அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டு இளைஞர்களும் ஆடினார்கள். முன்வரிசை வீரர் பெட்ரோ மன்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள். கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாப்புடன் போட்டி. இரண்டாவது இடத்தில் நின்ற ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். அதே நேரத்தில் அவர்கள் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளைவரை பதில் இல்லை. பிறகு மன்சி பெனால்டியில் சமன் செய்தார். வெற்றியைத் தந்தவரோ ஒரு பின்வரிசை வீரர், கௌரவ் போரா. இரண்டு கோல்கள் அடித்தார். முடிவு 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றுவிட்டது. அதாவது, இங்கே சமநிலை ஆகியிருந்தால்கூட கிண்ணம் கைவிட்டுப் போயிருக்கும். 20 போட்டிகளில் சென்னைக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

அடுத்து புவனேஸ்வரில் சூப்பர் கிண்ணம். கால் இறுதியில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். சம்பியனாகியிருந்த பெங்களூரு அணியை 2-1 என வீழ்த்தினார்கள். அரை இறுதியில் கோவாவிடம் 3-0 எனத் தோற்றார்கள். பணபலம் மிக்க லீக்கின் சம்பியனோடு மோதி வென்றது சின்ன விஷயமல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மன்சி போனார், நவாஸும் போனார். 2021-22 ஐ-லீக் அட்டவணையில் அந்தக் கழகத்தின் பெயரே இல்லை. சம்பியனாகி மூன்றே ஆண்டுகள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கிண்ணம் ஒரு பருவத்தில் வரும். கழகம் நிலைப்பதற்கு மைதானம் வேண்டும், கீழ்மட்டப் பயிற்சி வேண்டும், தலைவர் மாறினாலும் தொடரும் நிர்வாகம் வேண்டும். நம் தோட்டங்களிலும் நல்ல அணிகள் இருந்தன. நடத்தியவர் ஓய்வு பெற்றதும், பெடியன்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் அணியும் போய்விட்டது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

ஹைபொரஸ்ட், லிடஸ்டேல், கந்தப்பளைப் பக்கம் அந்தக் காலத்தில் ஆடிய பெரியவர்களே, உங்களிடம் பழைய படமோ சான்றிதழோ இருந்தால் கீழே பதியுங்கள். பெயர்களை எழுதி வைப்போம். இன்று பந்தோடு ஓடும் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு முன்னால் யார் ஓடினார்கள் என்றாவது தெரியட்டும்.