அலுவலகத் தொலைபேசிக்குப் பதிலளிப்பது யார்?

அரச அலுவலகமொன்றுக்குத் தொலைபேசி எடுக்கும் தமிழ் பேசும் ஒருவரின் அனுபவம் பெரும்பாலும் ஒரே மாதிரியானதாகவே இருக்கின்றது. பதிவு செய்யப்பட்ட குரலொன்று மும்மொழிகளிலும் வரவேற்கின்றது. தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்துமாறு கூறுகின்றது. அழுத்தியதும் மணி ஒலிக்கின்றது. நீண்ட நேரம் ஒலிக்கின்றது. எவரும் எடுப்பதில்லை. பின்னர் அழைப்பு மீண்டும் அந்த வரவேற்புக் குரலுக்கே திரும்பி வருகின்றது, அல்லது துண்டிக்கப்பட்டு விடுகின்றது. தமிழ் தெரிந்த அந்த ஒரே உத்தியோகத்தர் அன்று வெளிக்களக் கடமைக்குச் சென்றிருப்பார். அவரது தொலைபேசியோ மேசையிலேயே இருக்கின்றது.

இதற்கு மக்கள் தாமாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்துள்ளனர். யாராவது தெரிந்தவரிடம் கேட்டு அந்த உத்தியோகத்தரின் சொந்தக் கையடக்கத் தொலைபேசி இலக்கத்தைப் பெற்றுக் கொள்வதே அவ்வழியாகும். தெரிந்தவர் இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை. உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் இலக்கமும் அவரோடு சென்று விடுகின்றது. அவருக்குப் பின்னர் வருபவர் வெறும் மேசையோடும் எவரும் அழைக்காத தொலைபேசியோடும் ஆரம்பிக்க வேண்டியுள்ளது.

அலுவலகத் தொலைபேசி அமைப்பையும் கையடக்கத் தொலைபேசியையும் ஒரே இலக்கத்தின் கீழ் கொண்டு வரும் தொழில்நுட்பம் இரு தசாப்தங்களுக்கும் மேலாகப் பாவனையில் உள்ளது. நிலையான, கையடக்கத் தொலைபேசிச் சேவைகளின் ஒருங்கிணைவு என அதனைக் கூறலாம். தனியார் நிறுவனங்கள் இதனை வாடிக்கையாளரை இழக்காதிருப்பதற்கான கருவியாகப் பார்க்கின்றன. இலங்கையின் அரச அலுவலகங்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாக சபைகள் ஆகியவற்றைப் பொறுத்தவரையில் இதன் பெறுமதி வேறொன்றாகும் என்பதே எமது கருத்தாகும். இலக்கம் அலுவலகத்துக்குரியதாக இருக்க, அதற்குப் பதிலளிக்கும் ஆள் எங்கு இருந்தாலும் அவரை மொழியறிந்து தேடிச் செல்வதற்கு இது வழி செய்கின்றது.

முதலில் அமைப்பைப் புரிந்து கொள்வது அவசியமாகும். பீ.ஏ.பீ.எக்ஸ். என வழக்கில் அழைக்கப்படும் உள்ளகத் தொலைபேசிப் பரிமாற்றி, ஒரு சில வெளி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டியாகும். சிறிய அலுவலகங்களில் நான்கு அல்லது எட்டு செப்புக்கம்பி இணைப்புகள் அதற்குள் நுழைகின்றன. பெரிய அலுவலகங்களில் ஒரே நேரத்தில் 30 உரையாடல்களைத் தாங்கும் இலக்கமுறை இணைப்பு இருக்கும். அண்மைக் காலத்தில் இணைய வழியிலான எஸ்.ஐ.பி. இணைப்பு அவ்விடத்தைப் பிடித்து வருகின்றது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நீடிப்பு இலக்கம் உண்டு. அந்த நீடிப்பு இலக்கம் சுவரிலுள்ள கம்பியோடு கட்டப்பட்டிருப்பதே பிரச்சினையின் மூலமாகும். அதனை அவிழ்ப்பதே ஒருங்கிணைவின் வேலை.

இம்முயற்சி எடுத்த எடுப்பில் வெற்றி பெற்றுவிடவில்லை. ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் அலுவலகத்துக்குள் கம்பியில்லா வலையமைப்பின் நீடிப்புத் தொலைபேசியாகவும் வெளியே மூன்றாம் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசியாகவும் இயங்கும் கருவியொன்றை வெளியிட்டது. பிரித்தானியாவில் பீ.டி. நிறுவனம் 2005 இல் வொடபோனுடன் இணைந்து ‘பியூஷன்’ எனும் சேவையை ஆரம்பித்தது. வீட்டினுள் புளூடூத் மூலமும் பின்னர் வைஃபை மூலமும் நிலையான இணைப்பின் வழியே பேச, வெளியே சென்றதும் அழைப்பு துண்டிக்கப்படாமல் கையடக்க வலையமைப்புக்கு மாறுவதே அதன் திட்டம். தொழில்நுட்ப ரீதியாக அது திறமையானதே. எனினும், அதற்கேற்ற கருவிகள் சிலவே இருந்தன. கையடக்கத் தொலைபேசிக் கட்டணமும் தொடர்ந்து குறைந்து சென்றது. சில ஆண்டுகளில் அச்சேவை கைவிடப்பட்டது. அதன் அடிப்படை எண்ணம் இன்று சாதாரண கையடக்கத் தொலைபேசிகளிலேயே வைஃபை வழி அழைப்பாக வாழ்கின்றது என்பது வேறு விடயம்.

இன்று ஓர் அலுவலகம் தெரிவு செய்யக் கூடிய வழிகள் மூன்று உள்ளன. இவற்றுள் மிக எளியதும் மிக அதிகமாகப் பிழைபடுவதும் முதலாவதாகும். வெளியிலிருந்து வரும் அழைப்பை மேசைக்கு அனுப்பும் அதே வேளையில், பரிமாற்றி தானே இரண்டாவது அழைப்பொன்றை உத்தியோகத்தரின் கையடக்கத் தொலைபேசிக்கு எடுக்கின்றது. எது முதலில் எடுக்கப்படுகின்றதோ அங்கு உரையாடல் இணைக்கப்படும். கேட்பதற்கு இலகுவாகத் தோன்றும் இம்முறையில் ஓர் உரையாடலுக்கு இரு வெளி இணைப்புகள் செலவாகின்றன. நான்கு இணைப்புகள் கொண்ட அலுவலகத்தில் இருவர் வெளியே இருந்து பேசினாலே மூன்றாவது அழைப்புக்கு இடமில்லை. இரண்டாவது அழைப்புக்கான கட்டணமும் அலுவலகத்தின் மீதே விழுகின்றது. பழைய செப்புக்கம்பி இணைப்புகளில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. பேசிய இருவரும் தொலைபேசியை வைத்து விட்ட பின்னரும் அதனைப் பரிமாற்றி அறியாமல் இரு இணைப்புகளையும் பிடித்து வைத்திருக்கக் கூடும். காலையில் அலுவலகம் திறந்ததும் தொலைபேசி ‘வேலை செய்யவில்லை’ என்ற முறைப்பாட்டின் பின்னணியில் இதுவும் இருப்பதுண்டு.

குரல் அஞ்சல் பற்றியும் கவனிக்க வேண்டும். உத்தியோகத்தரின் கையடக்கத் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தால் அவரது சொந்தக் குரல் அஞ்சல் உடனடியாக அழைப்பை ஏற்றுக் கொள்ளும். பரிமாற்றியோ மனிதர் எடுத்ததாக நினைத்து மேசையில் ஒலிக்கும் மணியை நிறுத்தி விடும். பொதுமகன் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தி, ஒரு தனியாளின் பெட்டியில் போய் விழும். நல்ல பரிமாற்றிகளில் இதற்குப் பரிகாரம் உண்டு. முதல் ஓரிரு வினாடிகளுக்குள் கிடைக்கும் பதிலைப் பொருட்படுத்தாது விடலாம். அல்லது அழைப்பை ஏற்பவர் ஓர் இலக்கத்தை அழுத்தி உறுதி செய்ய வேண்டுமென விதிக்கலாம்.

இரண்டாவது வழி, பரிமாற்றியின் நீடிப்பு இலக்கத்தை ஸ்மார்ட்போனில் ஒரு செயலியாக நிறுவுவதாகும். வெளியே அழைக்கும்போதும் அலுவலக இலக்கமே மறுமுனையில் தெரியும். உத்தியோகத்தரின் சொந்த இலக்கம் வெளியாகாது. ஆனால் தரவு இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் மாத்திரமே இதனை நம்ப முடியும். கொழும்பில் சிறப்பாகப் பேசும் செயலி, தோட்டப்புறத்தின் மலைச்சரிவிலும் வன்னியின் உட்கிராமத்திலும் சொற்களை விழுங்கி விடும். வெளிக்கள உத்தியோகத்தர் அதிகமாக நடமாடுவது அவ்விடங்களில்தானே.

மூன்றாவது வழியில் சிம் அட்டையே நீடிப்பு இலக்கமாக மாறுகின்றது. தொலைபேசிச் சேவை வழங்குநரின் வலையமைப்பு அலுவலகப் பரிமாற்றியுடன் நேரடியாக இணைக்கப்பட்டு, அந்த சிம் அட்டைக்கு வரும், அதிலிருந்து செல்லும் அழைப்புகள் யாவும் அலுவலக விதிகளுக்கு உட்படுகின்றன. செயலி தேவையில்லை, சாதாரண பொத்தான் தொலைபேசியும் போதும். சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2022 இல் தனது ‘டீம்ஸ்’ தொலைபேசிச் சேவையைக் கையடக்க இலக்கத்துடன் இவ்வாறு இணைக்கத் தொடங்கியது. நிலையான சேவையும் கையடக்கச் சேவையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் இது இலகுவாகின்றது. ஸ்ரீ லங்கா டெலிகொம் 2002 இல் மொபிடெல்லை முழுமையாகத் தனதாக்கிக் கொண்டமையும், டயலொக் நிறுவனம் 2012 இல் சன்டெல்லை வாங்கியமையும் அவ்வகையில் எமது நாட்டிலும் அடித்தளமொன்றை இட்டுள்ளன. தரவு இணைப்பு பலவீனமான பிரதேசங்களைக் கருதும்போது எமது தெரிவு இம்மூன்றாவது வழியேயாகும்.

இனி மொழி விடயத்துக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2006 இல் ஆரம்பிக்கப்பட்ட 1919 அரசாங்கத் தகவல் நிலையம் மும்மொழிகளிலும் பதிலளித்தது. ஆனால் பொதுமகனின் கோவை இருப்பது தகவல் நிலையத்தில் அல்ல, குறித்த அலுவலகத்தில். அங்கே தமிழுக்குரிய இலக்கம் ஒரேயொரு மேசையைச் சுட்டி நிற்கும் வரை அச்சட்ட ஏற்பாடு தொலைபேசி வரையில் வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒருங்கிணைந்த அமைப்பில் தமிழுக்குரிய இலக்கத்தை மேசைக்குப் பதிலாக ஒரு குழுவுக்கு வழங்கலாம். தலைமை அலுவலகத்தில் ஒருவர், உப அலுவலகத்தில் ஒருவர், களத்தில் இருவர் என நால்வரின் தொலைபேசிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒலிக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் உத்தியோகத்தரின் தொலைபேசி தானாகவே வரிசையிலிருந்து விலகிக் கொள்ளுமாறும், தைப்பொங்கல் விடுமுறையில் மற்றையவருக்குத் தளர்வு கிடைக்குமாறும் நேர அட்டவணை வகுக்கலாம். இதற்குப் புதிய ஆளணி தேவையில்லை. இருக்கும் நால்வரையும் அழைப்பவர் அறியாமலே ஒருவராகக் காட்டுவது போதுமானது.

மின்சாரம் பற்றி எமது வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டிய அவசியமில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலான நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி, பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே மின்னைப் பெற்றுக் கொண்டது. ஒளியிழை இணைப்பும் பரிமாற்றியும் அலுவலகத்தின் மின்சாரத்தை நம்பியுள்ளன. ஆகவே ஒருங்கிணைவைச் செய்யும் அலுவலகம், தனது பரிமாற்றி அணைந்தால் அழைப்புகள் எங்கு செல்லும் என்பதைச் சேவை வழங்குநரின் பக்கத்திலேயே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். அவ்வாறன்றி எல்லா அழைப்புகளும் பரிமாற்றி வழியேதான் செல்ல வேண்டுமென அமைத்து விட்டால், மின்கலம் தீர்ந்த மறுகணமே களத்திலுள்ளவர்களின் கையடக்கத் தொலைபேசிகளும் சேர்ந்து ஊமையாகி விடும். தனித்தனியே இருந்தபோது ஒன்று போனால் மற்றொன்று இருந்தது.

அவசர அழைப்பு இதிலும் பாரதூரமானது. 119 பொலிஸ் இலக்கத்துக்கோ, 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கோ எடுக்கப்படும் அழைப்பு பரிமாற்றியினுள் நுழையவே கூடாது. கல்முனையில் வீதி விபத்தைக் கண்ட உத்தியோகத்தரின் அழைப்பு கொழும்பு 011 இலக்கத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தால் என்னவாகும்? உதவிக்கு வருபவர்கள் இடத்தை விசாரிக்க மீண்டும் அழைக்கும்போது, பூட்டிய அலுவலகமொன்றில் மணி ஒலித்துக் கொண்டிருக்கும். அவசர இலக்கங்களை சிம் அட்டையின் சொந்த வலையமைப்பிலேயே விட்டு விடுமாறு நிறுவுநரிடம் எழுத்தில் கோர வேண்டும்.

மோசடிக்காரரும் இந்த வாசலுக்காகக் காத்திருக்கின்றனர். வெளியிலிருந்து பரிமாற்றிக்கு அழைத்து, இரகசிய இலக்கத்தை அழுத்தி, அங்கிருந்து வேறெங்கும் அழைக்க இடமளிக்கும் வசதி பல அமைப்புகளில் உண்டு. இரகசிய இலக்கம் 1234 ஆகவோ நீடிப்பு இலக்கமாகவோ இருந்தால், நீண்ட வார விடுமுறையில் எங்கோ இருக்கும் ஒருவர் தூர நாடுகளின் அதிகக் கட்டண இலக்கங்களுக்குப் பல மணித்தியாலங்கள் அழைப்பு எடுத்து விடுவார். அலுவலகம் அதனை அறிவது மாத இறுதிப் பட்டியலில்தான். சர்வதேச அழைப்பு வசதியை எவருக்குத் தேவையோ அவருக்கு மாத்திரம் வழங்குவதும், இரவில் அதனை முற்றாக மூடுவதும், நாளாந்தக் கட்டண வரம்பொன்றைச் சேவை வழங்குநரிடம் விதிக்கச் சொல்வதும் பெரிய செலவுக்குரியவை அல்ல.

உத்தியோகத்தர் தரப்பில் எழும் ஆட்சேபனையை நாம் அலட்சியம் செய்யவில்லை. தொலைபேசி வீடு வரை வந்தால் வேலையும் வீடு வரை வரும். சொந்தத் தொலைபேசியை அலுவலகத்துக்காகப் பாவிக்கச் செய்து, கட்டணத்தையும் அவரே தாங்குமாறு விடுவது நியாயமல்ல. சிம் அட்டை அலுவலகத்தினுடையதாக இருக்க வேண்டும். கடமை நேரம் முடிந்ததும் அந்த இலக்கம் தானாக அவரை விட்டு நீங்கி, செய்தியைப் பெறும் பெட்டிக்குச் செல்ல வேண்டும். உரையாடல்கள் பதிவு செய்யப்படுமாயின் இரு தரப்பினருக்கும் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கான 9 ஆம் இலக்கச் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்ட பின்னர் இதனை வெறும் மரியாதையாகக் கருத இடமில்லை. உத்தியோகத்தர் இடமாற்றம் பெறும் நாளில் நாற்காலியையும் கோவைகளையும் கையளிப்பது போலவே சிம் அட்டையையும் கையளிக்க வேண்டும். எவர் எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்த மொழிக்குரிய இலக்கத்தை அழுத்திய பின்னர் பதிலின்றிப் போனார் என்னும் பதிவேடு அலுவலகத்திலேயே தங்கி விடும். தமிழில் பதிலளிக்க ஆளில்லை என்ற முறைப்பாட்டுக்கு இதுவரை வாய்மொழிச் சாட்சியமே இருந்தது. இப்பதிவேடு எண்ணிக்கையைத் தரும்.

நிறுவும் வேலை முடிந்ததாகக் கூறி ஒப்பந்தக்காரர் கையொப்பம் கேட்கும்போது, அலுவலகத்தின் தலைவர் ஒரு காரியத்தைச் செய்யலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில், தமக்குச் சொந்தமில்லாத ஒரு தொலைபேசியிலிருந்து அலுவலக இலக்கத்துக்கு அழைத்து, தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்தி, யாராவது பேசும் வரை எத்தனை தடவை மணி ஒலிக்கின்றது என எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் பரிமாற்றியின் மின் இணைப்பைப் பிடுங்கி விட்டு மீண்டும் ஒருமுறை அழைக்க வேண்டும்.