பாறைத் தோட்டமும் வர்க்கமும்: அல்ப்ஸ் செடிகளின் விதை வளர்ப்பு பற்றிய ஒரு குறிப்பு

தோட்டக்கலையின் வரலாறு பெரும்பாலும் இரசனையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இரசனைக்கும் பொருளியல் அடிப்படை உண்டு என்பதை இங்கிலாந்தின் பாறைத் தோட்ட வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரபுக்கள் தோட்டத்தில் வெப்பமே செல்வத்தின் சின்னமாக விளங்கியது. 1836க்கும் 1840க்கும் இடையில் ஜோசப் பக்ஸ்ரன் சற்ஸ்வேர்த்தில் எழுப்பிய மாபெரும் கண்ணாடிமனையில், நிலக்கரியும் கூலியுழைப்புமே அயனமண்டலத் தாவரங்களைக் காத்துநின்றன. முதலாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரி அருகவே தாவரங்கள் மடிந்தன. 1920இல் அம்மனை தகர்க்கப்பட்டது.

அல்ப்ஸ் முதலிய உயர்மலைச் செடிகள் வேறொரு நியதிக்கு உட்பட்டவை. ஜென்சியன், பிரிமுலா இனங்கள் பலவற்றின் விதைகள் ஈரக்குளிரிற் பல வாரங்கள் கிடந்தாலன்றி நன்கு முளைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் வீழும் விதை உடனே முளைப்பின் இளநாற்று உறைபனிக்கு இரையாகும். ஆகவே அவ்வுறக்கம் ஒரு தற்காப்பாகும். வளர்ப்போர் நீர் தேங்காத மண்ணில் விதைத்து, மேலே பருமணல் பரப்பி, சட்டிகளை மாரிகாலம் முழுவதும் வெளியே வைப்பர். சில விதைகள் இரண்டாம் வசந்தத்திலேயே முளைக்கும். இங்கு வேண்டப்படுவன குளிரும் காலமுமே. இவற்றுக்கு விலையில்லை.

எனினும், பாறைத் தோட்டமும் செல்வந்தர் கையிலேயே வளர்ந்தது. சேர் பிராங்க் கிறிஸ்ப் தமது பிரயர் பார்க் தோட்டத்தில் மற்றர்ஹோர்ன் சிகரத்தையே சிறுவடிவில் அமைத்தார். 1914இல் போல்ஸ் என்பாரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் றெஜினோல்ட் ஃபறர் இத்தகைய ஆடம்பரத்தை எள்ளியமை பெரும் பூசலை விளைவித்தது. ஆயின் ஃபறரும் யோர்க்சயரின் நிலவுடைமைக் குடும்பத்தவரே. 1908இல் இலங்கைக்கு வந்து பௌத்தத்தைத் தழுவிய அவர், 1914இல் சீனத்தின் கான்சுவுக்கும் 1919இல் மேல் பர்மாவுக்கும் விதை தேடிச் சென்று, 1920இல் பர்மிய மலைகளிலேயே இறந்தார்.

1929இல் அல்பைன் தோட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் தாம் சேகரித்த விதைகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் உருவாகியபோது, மலையும் பணியாளரும் இல்லாத சிறுவீட்டாரும் இக்கலையிற் பங்குபெறலாயினர். விதை இலேசானது, தபாலில் அனுப்பத்தக்கது. இதனை ஒரு முற்போக்கான மாற்றமாகவே நாம் கருதுகின்றோம்.

ஆனால் அது முழுமையான மாற்றமன்று. 'ஜென்சியானா ஃபறெறி' என்னும் நீலமலரில் ஃபறரின் பெயர் நிலைத்துள்ளது. அவருடன் மலையேறிச் சுமை சுமந்த உள்ளூர் உழைப்பாளரின் பெயர்களை எம்மலரும் தாங்கவில்லை. தோட்டக்கலை வரலாற்றை மீள எழுதுவோர் தொடங்கவேண்டிய இடம் இதுவெனலாம்.