சீதன உறுதியும் நொறுங்குண்ட இருதயமும்

ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியராகக் கொள்ளப்படும் மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட நாவல் 'நொறுங்குண்ட இருதயம்'. கணவனின் கொடுமையைச் சகித்து வாழும் கண்மணியின் கதை அது. கிறிஸ்தவப் பொறுமையை வலியுறுத்தும் அந்நூலிற் கிளர்ச்சியைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

ஆயினும், கண்மணி போன்றோர் ஏன் பொறுத்தனர் என்பதற்குச் சமயம் மட்டுமே விடையாகாது. நாவலுக்கு மூன்றாண்டுகள் முன்னர், 1911இல், யாழ்ப்பாணத்தாரின் விவாக உரிமையும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. தேசவழமையைத் திருத்திய அச்சட்டம் மனைவியின் சீதனத்தை அவளது தனிச்சொத்தாகவே ஏற்றது. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம், மரணசாசனமும் எழுதலாம். காணியை விற்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். குடும்பமானம் பேசும் சமூகத்தில் எத்தனை பெண்கள் அப்படியேறுவர்? இறந்தபின் செல்லுபடியாகும் அவளது விருப்பம் வாழும்போது தனித்துச் செல்லாது என்பதே இதன் விசித்திரம்.

உடுப்பிட்டியில் எமது வீட்டுப் பெட்டகத்திற் பூட்டியாரின் சீதன உறுதி உள்ளது. அமெரிக்க மிஷன் பெண்கல்விக்கு வித்திட்ட ஊர் இது. பூட்டியாரும் எழுதப் படித்தவர். சீதனக் காணியில் ஒரு துண்டை விற்ற பிந்திய உறுதியில் அவரது கையொப்பம் முத்துமுத்தாக விழுந்திருக்கின்றது. அதன் கீழே, சம்மதம் தெரிவித்துப் பூட்டனாரின் கைநாட்டு.